மயங்கப் பத்து நிமிடம்

டோக்கியோவின் உவேனோ, தாமா உயிரியல் பூங்காக்களில் அவ்வப்போது ஒரு கூத்து நடக்கும். ஊழியர் ஒருவர் கொரில்லா வேடமோ வரிக்குதிரை வேடமோ கட்டிக்கொண்டு வளாகத்துக்குள் ஓடுவார். மற்றவர்கள் வலையை விரித்துப் பிடித்தபடி வளைப்பார்கள். ஒருவர் அடிபட்டவராக விழுந்து கிடப்பார். கடைசியில் மயக்க ஊசித் துப்பாக்கி நீளும். வேடதாரி தள்ளாடிச் சரிவார். 2019இல் எஹிமே மாகாணத்தின் தோபே பூங்காவில் சிங்க வேடத்தில் நடந்த ஒத்திகையின் காணொளி உலகம் சுற்றியது. அடைப்புக்குள்ளிருந்த அசல் சிங்கங்கள் அந்தத் துணிச் சிங்கத்தைப் பார்த்த பார்வையில் துளி மரியாதை இல்லை.

சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் நிலநடுக்கம் எந்த நேரத்திலும் சுவரைப் பிளந்துவிடக்கூடிய நாடு அது. எந்த வாயிலை யார் பூட்டுவது, பார்வையாளர்களை எந்தக் கட்டடத்துக்குள் அனுப்புவது, துப்பாக்கி யார் கையில், சுடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். புலி எதிரே நிற்கும்போது கூட்டம் போட்டுப் பேச முடியாது. அமெரிக்காவிலும் பூங்காக்கள் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமென்றால், ஆண்டுக்கு ஒரு முறையாவது இப்படிப் பழகிப் பார்த்தாக வேண்டும்.

வெளியே வந்த விலங்கு நம்மை வேட்டையாடக் கிளம்பிவிட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெர்ன், பாசல், ஜூரிக் பூங்காக்களை அடுத்தடுத்து நடத்திய சுவிஸ் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் அப்படிப் பார்க்கவில்லை. அடைப்பு அந்த விலங்கின் சொந்த எல்லை. அதை விட்டு வெளியே நிற்பது பெரும்பாலும் அரண்டுபோன ஓர் உயிர். ஒவ்வொரு விலங்கும் நமக்கும் தனக்கும் நடுவே ஒரு தூரத்தை வைத்திருக்கிறது. அதற்குள் ஆள் நுழைந்தால் ஓடும். ஓட வழியில்லாதபோது இன்னும் நெருங்கினால் திரும்பிப் பாயும். ஆகவே வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை அதன் கண்ணிலிருந்து அகற்றிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

1933இல் ஜூரிக் பூங்காவிலிருந்து ஒரு பெண் கருஞ்சிறுத்தை நழுவியது. தேடினார்கள், பொறி வைத்தார்கள், அகப்படவில்லை. பழக்கமில்லாத குளிரில் பத்து வாரம் யார் மீதும் பாயாமல் காலம் தள்ளியது. கடைசியில் ஒரு கொட்டகைக்கு அடியில் அதைக் கண்ட கூலியாள் சுட்டுக்கொன்றார். கறி சமைத்தும் தின்றுவிட்டாராம்!

ஏன் சுட வேண்டும், மயக்க ஊசி போடக்கூடாதா என்று இன்று எல்லோரும் கேட்பார்கள். சினிமாவில் ஊசி பட்ட மறுநொடி யானை சாய்ந்துவிடும். நிஜத்தில் மருந்து தசைக்குள் இறங்கி, ரத்தத்தில் கலந்து, மூளையை எட்ட ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகும். சில சமயம் இன்னும் கூடுதலாக. மிரண்ட விலங்கின் உடம்பில் அட்ரினலின் பொங்கியிருந்தால் தாமதம் நீளும். அளவு குறைந்தால் மயங்காது, கூடினால் மூச்சு நின்றுவிடும். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் போடும் எடார்ஃபின், மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது. தவறித் தன் மீது பட்டால் ஆபத்து என்பதால், மருத்துவர் மாற்று மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குப்பியைத் தொடுவார். இத்தனைக்குப் பிறகும், ஊசி குத்திய எரிச்சலில் விலங்கு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அந்தப் பத்து நிமிடத்தில் அருகே மனிதர்கள் இருந்தால் என்ன செய்வது? திட்டம் போடுகிறவர்கள் திணறும் இடம் இதுதான்.

2022 டிசம்பரில் ஸ்வீடனின் ஃபுருவிக் பூங்காவில் சிம்பன்சிகள் வெளியேறியபோது, ஊசி போடும் அளவுக்கு நெருங்க முடியாது, மருந்து வேலை செய்யும் வரை காத்திருக்கவும் முடியாது என்று நிர்வாகம் சுட்டுக்கொல்ல முடிவெடுத்தது. இறந்தவற்றில் சாந்தினோவும் ஒன்று. பார்வையாளர்கள் வருவதற்கு முன்பே கற்களைப் பொறுக்கிக் குவித்து வைத்து, வந்ததும் எறியும் குறும்பன் அது. விலங்குகளும் நாளைக்குத் திட்டமிடும் என்பதற்குச் சான்றாக ஆய்வாளர் ஒருவர் 2009இல் எழுதியது அதைப் பற்றித்தான். வயது வந்த சிம்பன்சியால் ஒரு மனிதரை என்ன செய்ய முடியும் என்பது தெரிந்தும், அந்த முடிவை என் மனம் இன்னும் ஏற்கவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் சிட்னியின் தரோங்கா பூங்காவில், கம்பிவலை வேலி நெகிழ்ந்து ஒரு பெரிய சிங்கமும் நான்கு குட்டிகளும் விடியற்காலையில் வெளியே வந்திருந்தன. பூங்காவிலேயே கூடாரங்களில் இரவு தங்கியிருந்த விருந்தினர்களை ஊழியர்கள் எழுப்பி, ஓட வைத்துக் கட்டடத்துக்குள் சேர்த்தார்கள். சிங்கங்களுக்கு அப்பால் இன்னொரு வேலியும் இருந்தது. நான்கு சிங்கங்கள் தாமாகவே தம் இடத்துக்குத் திரும்பின. ஒரு குட்டிக்கு மட்டும் ஊசி.

சில நேரம் எல்லாம் ஒரு சுவரின் உயரத்தில் நிற்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் 2007 கிறிஸ்துமஸ் நாளில் தத்தியானா என்ற சைபீரியப் புலி வெளியேறி ஓர் இளைஞரைக் கொன்றது. அதன் அகழிச் சுவர் 12.5 அடி, பரிந்துரைக்கப்பட்டிருந்தது 16.4 அடி.

வெளியே வராத விலங்கும் வேலை வைக்கும். 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோவில் நிலம் நடுங்கிய இரவில், தெருவில் சிங்கம் நிற்கும் படமொன்று ட்விட்டரில் பரவியது, உள்ளூர்ப் பூங்காவிலிருந்து தப்பிவிட்டது என்ற செய்தியோடு. படம் தென்னாப்பிரிக்காவில் எடுத்தது. பூங்காவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்புகள் வந்தன. படத்தைப் போட்ட 20 வயது இளைஞரைக் காவல்துறை ஜூலையில் கைது செய்தது, பூங்காவின் பணிக்கு இடையூறு செய்ததாக.