இரும்புக் கடைக்குப் போக இருந்த கலர் டெலிவிஷன்
படப்பையில் 40 வயதுப் பெட்டிக்கு மீண்டும் உயிர் வந்தது

"பழைய இரும்புக்காரர் 300 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்து விடட்டுமா, தம்பி?"

இப்படிக் கேட்டார் என் அத்தை.

அவர் விற்க இருந்தது ஒரு கலர் டெலிவிஷன் பெட்டி. வயது 40-க்கு மேல். மரத்தால் செய்த கூடு. முன்பக்கம் இழுத்து மூடும் கதவு. கதவுக்குப் பூட்டும் சாவியும் உண்டு. 12 வருடமாக அது வாய் திறக்கவில்லை.

பெட்டி இரும்புக் கடைக்குப் போகவில்லை. இன்று அது மறுபடியும் கலரில் படம் காட்டுகிறது!

அது எப்படி நடந்தது? உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். ஆகவே, விவரமாகச் சொல்கிறேன்.

நெல் விற்ற பணம்

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது, படப்பை. ஒரு காலத்தில் ஏரியும் வயலும்தான் அங்கே தெரியும். இப்போது ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன.

அத்தை வீடு பழைய ஓட்டு வீடு. அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள். அதற்காகச் சாமான்களை ஒழித்தபோதுதான் பெட்டி கண்ணில் பட்டது.

1984-ம் ஆண்டு மாமா அதை வாங்கினார். ஒரு போகம் நெல் விற்ற பணம் அதற்குப் போனது. தெருவிலேயே முதல் கலர் டெலிவிஷன் அதுதான். சென்னை ஒளிபரப்பு தெரிவதற்காக, உயரமான இரும்புக் குழாயில் ஆண்டெனா கட்டினார்.

வெள்ளிக்கிழமை இரவு "ஒளியும் ஒலியும்" பார்க்கத் தெருவே திண்ணைக்கு வந்துவிடும். 1987-ல் ஞாயிறு காலையில் ராமாயணம் வந்தது. இந்தி தெரியாது. ஆனாலும் கை கூப்பிக்கொண்டு பார்த்தார்கள்.

பரீட்சை நேரத்தில் மட்டும் மாமா பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக் கொள்வார்.

மாமா காலமாகி 12 வருடம் ஆகிறது. அவர் போன சில மாதங்களில் பெட்டியும் நின்றுவிட்டது.

"ஒரே ஒரு தடவை இதில் படம் ஓடிப் பார்த்துவிட்டால் போதும். அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் கொடு" என்றார், அத்தை.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பெட்டியைத் தூக்கினேன்.

கலர் வந்த கதை

கலர் டெலிவிஷன் முதலில் அமெரிக்காவில்தான் வீடுகளுக்கு வந்தது. 1954-ம் ஆண்டு ஆர்.சி.ஏ. என்ற கம்பெனி "சி.டி. 100" என்ற பெட்டியை விற்றது. விலை ஆயிரம் டாலர். அந்தப் பணத்தைப் போல இரு மடங்கு இருந்தால் ஒரு புதுக் காரே வாங்கிவிடலாம்! சில ஆயிரம் பெட்டிகளே தயாராயின.

இன்று அமெரிக்காவில் அந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒகையோ மாநிலத்தில் ஹில்லியர்டு என்ற ஊரில், பழைய டெலிவிஷன்களுக்கு என்றே ஒரு காட்சிசாலையும் இருக்கிறது.

இந்தியாவுக்கு டெலிவிஷன் வந்தது 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி. அப்போது டெல்லியில் மட்டும்தான். சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-ல் வந்தது. அதுவும் கறுப்பு-வெள்ளைதான்.

1982 ஆகஸ்டு 15, சுதந்திர தினத்தன்று கலர் வந்தது. அந்த வருடம் நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதைக் கலரில் பார்க்க மக்கள் ஆசைப்பட்டார்கள். கலர் பெட்டி நாடெங்கும் பரவியது. சென்னைக் கம்பெனிகளான டயனோரா, சாலிடேர் ஆகியவற்றின் பெயர்கள் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தன.

ஆனாலும் ஏழை வீடுகளுக்குக் கலர் எட்டாக் கனியாகவே இருந்தது. 2006-ம் ஆண்டு முதல்-அமைச்சர் கருணாநிதியின் அரசு இலவசக் கலர் டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய நாள் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். ஒன்றரை கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது.

அத்தை வீட்டுப் பெட்டியின் மேலேயே, அரசாங்கம் கொடுத்த சின்னப் பெட்டியும் இருந்தது. இரண்டும் ஒரே சாதிதான். இரண்டுக்கும் உள்ளே கண்ணாடி பிக்சர் டியூப்!

தூக்குவது எப்படி?

பழைய டெலிவிஷனைத் தூக்குவதில் ஒரு முறை இருக்கிறது. எடை எல்லாம் முன்பக்கக் கண்ணாடியில்தான். ஆகவே, திரை நம் மார்பைப் பார்த்து இருக்கும்படி தூக்க வேண்டும். பின்பக்கம் பிடித்துத் தூக்கினால் பெட்டி முன்னால் கவிழ்ந்துவிடும்.

பிக்சர் டியூபின் பின்னால் மெல்லிய கழுத்து உண்டு. அதில் அடி பட்டால் காற்று உள்ளே புகுந்துவிடும். அத்தோடு டியூப் முடிந்தது. ஆகவே, பெட்டியை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது.

நானும் அத்தை மகனும் பெட்டியைத் தூக்கினோம். குட்டி யானை வண்டியில் மெத்தை விரித்து, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினோம். பள்ளம் மேடு பார்த்து மெதுவாக, மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாகத் தாம்பரம் போய்ச் சேர்ந்தோம். வண்டி வாடகை 900 ரூபாய்.

"உள்ளே இருப்பதை எறிந்து விடுங்கள்"

முதலில் போன கடையில், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். உள்ளே எலி கட்டிய கூடு! பல்லி முட்டை வேறு.

"உள்ளே இருப்பதை எல்லாம் எறிந்துவிட்டு, சைனா போர்டு ஒன்று போட்டுத் தருகிறேன். ஒரு மணி நேர வேலை" என்றார், கடைக்காரர்.

அது மலிவான வழிதான். ஆனால், கூடு மட்டும் பழசாகவும் உள்ளே எல்லாம் புதுசாகவும் இருந்தால், அது மாமாவின் பெட்டி ஆகுமா?

பிறகு விசாரித்து ஒரு பெரியவரிடம் போனோம். வயது 60-க்கு மேல். 40 வருடமாக டெலிவிஷன் பழுது பார்ப்பவர். அவர் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"பிக்சர் டியூப் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம், தம்பி. வீட்டு டி.வி.க்கு இந்த டியூப் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அது போனால் கிடைப்பது கஷ்டம். மற்றது எது போனாலும் வழி உண்டு" என்றார்.

பல்பு சொன்ன செய்தி

பெரியவர் முதல் வேலையாக என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

கலர் டெலிவிஷனின் உள்ளே சுமார் 25 ஆயிரம் வோல்ட்டு மின்சாரம் உண்டாகிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டுதான்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் மின்சாரம் தேங்கி நிற்கும். தெரியாமல் தொட்டால் ஆளைத் தூக்கி எறியும்.

அவர் ஒரு ஸ்குரூ டிரைவரில் ஒயரைக் கட்டி, தேங்கிய மின்சாரத்தை இறக்கும் வேலையைச் செய்தார்.

"12 வருடம் சும்மா கிடந்த பெட்டிதானே, அய்யா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். இந்தப் பழக்கத்தை ஒரு நாளும் விட்டதில்லை. அதனால்தான் இன்று உங்களோடு பேசிக்கொண்டு இருக்கிறேன்" என்றார்.

தூசியைப் பிரஷ்ஷால் துடைத்தார். பிறகு பெட்டியை நேராகக் கரண்டில் சொருகவில்லை. நடுவில் ஒரு குண்டு பல்பை இணைத்தார். இது பழைய மெக்கானிக்குகளின் உபாயம். பெட்டியில் கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். பெட்டி பிழைத்துக் கொள்ளும். கோளாறு இல்லை என்றால் பல்பு மங்கிவிடும்.

பல்பு பளீர் என்று எரிந்தது!

மின்சாரம் நுழையும் இடத்தில் இருந்த பெரிய கெப்பாசிட்டர் கெட்டிருந்தது. அதன் தலை உப்பிப் போயிருந்தது. அதையும், வயதான வேறு சில கெப்பாசிட்டர்களையும் மாற்ற வேண்டும் என்றார். சென்னை மவுண்ட் ரோடு அருகே உள்ள ரிச்சி தெருவில் அவை கிடைத்தன.

மறுபடியும் சொருகினார். பல்பு ஒரு முறை மின்னி, மங்கியது. ஆனால், படம் இல்லை. சத்தமும் இல்லை.

அவர் போர்டைத் திருப்பி, பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பெரிய மின்சாரத்தை உண்டாக்கும் டிரான்ஸ்பார்மரின் அடியில், பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. 12 வருடத்துக்கு முன் பெட்டி நின்றதற்குக் காரணம் அதுதான்!

பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார். திரையில் 'சரசர' என்று சத்தம் கேட்டது. பிக்சர் டியூபின் கழுத்தில் சின்னதாக ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தது.

"டியூபுக்கு உயிர் இருக்கிறது" என்றார், பெரியவர்.

சிவப்பு எங்கே?

பழைய பெட்டியில் ஆண்டெனா சொருகும் ஓட்டை மட்டுமே உண்டு. ஆண்டெனா கட்டினாலும் இப்போது பயன் இல்லை. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே, பெரியவர் கேபிள் பெட்டியை ஒரு பழைய வீடியோ டெக்கில் சேர்த்து, அதில் இருந்து டெலிவிஷனுக்கு ஒயர் கொடுத்தார்.

படம் வந்தது. ஆனால், முகங்கள் எல்லாம் பச்சை! சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரிந்தது.

காரணம் என்ன? கலர் திரையின் உட்புறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் லட்சக்கணக்கான பொட்டுகள் இருக்கின்றன. புள்ளிக் கோலத்தைத் தூரத்தில் இருந்து பார்ப்பது போல, அவை சேர்ந்து படமாகத் தெரிகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு 'துப்பாக்கி' வீதம், டியூபின் கழுத்தில் மூன்று உண்டு. அவை எலெக்ட்ரான்களைப் பாய்ச்சுகின்றன. இந்தப் பெட்டியில் சிவப்புத் துப்பாக்கி சோர்ந்து போயிருந்தது.

"நீண்ட நாள் படுத்திருந்தவரை எழுப்பினால் உடனே ஓடுவாரா? மூன்று நாள் பொறுங்கள்" என்றார், பெரியவர்.

மூன்று நாளும் பெட்டியைச் சில மணி நேரம் ஓட விட்டார். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மீதியைச் சின்னத் திருகுகளில் சரிசெய்தார். திரையின் மூலையில் ஊதாத் திட்டு ஒன்று இருந்தது. அது காந்தம் ஏறியதால் வருவதாம். ஒரு கம்பிச் சுருளைத் திரை முன்னால் வட்டமாகச் சுற்றி, அப்படியே பின்வாங்கினார். திட்டு மறைந்துவிட்டது!

மொத்தச் செலவு, வண்டி வாடகை நீங்கலாக, 3 ஆயிரத்து 400 ரூபாய்.

அத்தை பார்த்தார்

பெட்டி படப்பைக்குத் திரும்பியது. டி.டி. தமிழில் பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டு இருந்தது. புது டெலிவிஷன் போலத் துல்லியம் இல்லை. சிவப்பு இன்னும் கொஞ்சம் வெளிறியே இருந்தது. அத்தைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பாட்டு முடியும் வரை அவர் பேசவில்லை. பிறகு எழுந்து, கதவை இழுத்து மூடிப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்து கொண்டார்.

"ஒரு தடவை போதும் என்றீர்களே, அத்தை? இனி யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டேன்.

"யாருக்கும் கிடையாது. புது வீட்டுக் கூடத்தில் இதற்கு ஓர் இடம் விடச் சொல்" என்றார்.

உங்கள் வீட்டில் உண்டா?

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால், சில விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஓடுகிறதா என்று பார்க்க, நேராகக் கரண்டில் சொருகாதீர்கள். பின்பக்க மூடியை நீங்களே கழற்றாதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பெட்டி வேண்டாம் என்றால், கண்டவரிடம் கொடுத்து உடைக்க விடாதீர்கள். பிக்சர் டியூபுக்குள் காற்று கிடையாது. உடைத்தால் கண்ணாடி தெறிக்கும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அது மண்ணுக்கும் தண்ணீருக்கும் நஞ்சு. மின்னணுக் கழிவுகளுக்கு என்றே அனுமதி பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களிடம் சேர்ப்பதே முறை.

பழுது பார்க்க ஆசை இருந்தால், தள்ளிப் போடாதீர்கள். பெட்டி இன்னும் 10 வருடம் பரணில் காத்திருக்கலாம். அதைத் திறக்கத் தெரிந்த பெரியவர்கள் அதுவரை கடையில் இருக்க வேண்டுமே!