தெரியாதவரே தேர்வாளர்!

சமையல் குறிப்புகளில் "உப்பு தேவையான அளவு" என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சமைத்துப் பழகியவருக்கு அது போதும். முதன்முதலாக அடுப்பங்கரைக்குள் நுழைபவரோ திண்டாடிப் போவார் அல்லவா? கணிப்பொறி மென்பொருள்களுக்கு எழுதப்படும் உதவிக் குறிப்புகளிலும் இதே தொல்லை உண்டு.

மென்பொருள் என்பது கட்டளைகளின் தொகுப்பு. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று விடப்பட்டால் அது திறந்த மூல மென்பொருள். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்ததே. இவற்றில் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைக்கின்றன.

ஆனால் தர்மபுரி மாவட்டம் ஏரியூரில் தமிழ் வழியில் பயிலும் ஒரு மாணவி இதைப் பயன்படுத்த விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உதவிக் குறிப்போ ஆங்கிலத்தில், அதுவும் விவரம் அறிந்தவர்களுக்கென எழுதப்பட்டுள்ளது. விலையில்லாமல் கிடைத்தும் அவளுக்கு என்ன பயன்?

இதற்கு மும்பை ஐ.ஐ.டி. ஒரு வழி கண்டது. வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று உருவாக்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' என்னும் படக்காட்சிப் பாடங்களே அவை. ஒரு பாடம் ஏறத்தாழ 10 நிமிடம். திரையில் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இயங்கும். விளக்கும் குரல் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் ஒலிக்கும். இதனால் பின்னாளில் பணியிடத்தில் காணப்போகும் ஆங்கிலச் சொற்களும் பழகிவிடுகின்றன. திரையின் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்கலாம். பதிவிறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பாடத்தை ஒலிப்பதிவு செய்யுமுன், அதன் எழுத்து வடிவத்தை அம்மென்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அவர் தடுமாறும் இடம் திருத்தப்படுகிறது. ஏன் இந்தச் சோதனை? பழகியவரின் கை தானாகவே வேலை செய்துவிடுகிறது. இடையிலுள்ள படிகள் அவர் நினைவுக்கு வருவதில்லை. விடுபட்ட படியைப் புதியவரால்தான் கண்டுபிடிக்க முடியும்!

எழுத்து வடிவிலும் உதவி உண்டு. 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளையும் நூல்களையும் இலவசமாக வழங்குகிறது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாமே! லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் ஒரு படத்தைச் சேர்க்கும் முறையைத் தமிழில் படிப்படியாக எழுதுங்கள். கணிப்பொறி அறியாத தம்பியிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் அருகில் அமருங்கள். அவன் எங்கே விழித்து நிற்கிறானோ, அங்கே நீங்கள் இன்னும் ஒரு வரி எழுத வேண்டும்.