ஜட்ஜுக்கும் ஓட்டு!

வாசலில் வந்து கும்பிட்டு, “உங்கள் ஓட்டு எனக்குத்தான், அம்மா!” என்று கேட்பவர் யார்? முனிசிபல் கவுன்ஸிலரா, சட்டசபை அங்கத்தினரா? அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் அவர் ஜட்ஜாகவும் இருக்கலாம்!

அந்த நாட்டில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனித் தனிக் கோர்ட்டுகள். விவாகரத்து, உயில், திருட்டு, கொலை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் விசாரணையாகும். பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. நியூயார்க் ராஜ்யத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது வழக்கை முதலில் விசாரிக்கிற கோர்ட். அப்பீல் கோர்ட்தான் எல்லாவற்றுக்கும் மேல்! (யார் வைத்த பெயரோ!)

1832-ல் மிஸிஸிப்பி ராஜ்யம் எல்லா ஜட்ஜுகளையும் ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஆரம்பித்து வைத்தது. வேண்டியவர்களுக்குப் பதவி கொடுப்பதைவிட இது மேல் அல்லவா? ஆனால் தேர்தல் என்றால் பணம் வேண்டுமே! அதைக் கொடுப்பவருக்கே நாளைக்கு அந்தக் கோர்ட்டில் வழக்கு இருந்தால்?

இருந்தது. மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில் ஹ்யூ கேப்பர்டன் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்க முதலாளி, மாஸி என்ற பெரிய கம்பெனி தம் தொழிலையே நாசமாக்கிவிட்டதாக வழக்குத் தொடுத்தார். 2002-ல் ஜூரிகள் அவர் பக்கம் 5 கோடி டாலர் தீர்ப்புச் சொன்னார்கள். அப்பீலை விசாரிக்க வேண்டியது ராஜ்யத்தின் உச்சக் கோர்ட். ஐந்தே ஜட்ஜுகள்; பதவி 12 வருஷம்.

2004-ல் அதில் ஒரு ஸ்தானத்துக்குத் தேர்தல் வந்தது. மாஸி கம்பெனித் தலைவர் டான் பிளாங்கென்ஷிப், ப்ரெண்ட் பெஞ்சமின் என்ற வக்கீல் ஜெயிக்க 30 லட்சம் டாலர் செலவழித்தார். பெஞ்சமின் ஜெயித்தார். ‘இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்’ என்று கேப்பர்டன் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். 2007-ல் மூன்றுக்கு இரண்டு என்ற மெஜாரிட்டியில் 5 கோடித் தீர்ப்பு ரத்தாயிற்று. மூவரில் ஒருவர் பெஞ்சமின்.

பிறகு வந்தது வேடிக்கை. அந்த மூவரில் இன்னொருவர் பிளாங்கென்ஷிப்போடு பிரெஞ்சுக் கடற்கரையில் உல்லாசமாக இருந்த போட்டோக்கள் வெளியாயின! அவர் விலகினார், மறு விசாரணை நடந்தது. பெஞ்சமின் அசையவில்லை. மறுபடியும் மூன்றுக்கு இரண்டு.

2009-ல் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பெஞ்சமின் விலகியிருக்க வேண்டும் என்றது. லஞ்சம் என்று யாரும் சொல்லவில்லை. பட்சபாதத்துக்கு இவ்வளவு இடம் இருந்தாலே போதும் என்பது தீர்ப்பின் சாரம். அப்படியானால் கேப்பர்டனுக்கு அந்த 5 கோடி கிடைத்ததா? அதுதான் இல்லை. பெஞ்சமின் இல்லாமலே ராஜ்யக் கோர்ட் மீண்டும் விசாரித்து, ‘வழக்கை வர்ஜீனியாவில் போட்டிருக்க வேண்டும்’ என்று தள்ளிவிட்டது!

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் ஜட்ஜான ஸாண்ட்ரா டே ஓ’கானர், 1974-ல் அரிஸோனாவில் தாமே தேர்தலில் ஜெயித்து ஜட்ஜானவர். அந்த அம்மாளே 2006-ல் ஓய்வு பெற்ற பிறகு, ஜட்ஜுகளுக்குப் போட்டித் தேர்தல் வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசினார். 1940-ல் மிஸௌரி ராஜ்யம் கண்ட வழி அவருக்குப் பிடித்திருந்தது: வக்கீல்களும் பொது ஜனங்களும் சேர்ந்த கமிட்டி மூன்று பெயர் தரும், கவர்னர் ஒருவரை நியமிப்பார், சிறிது காலம் கழித்து, ‘இவர் இருக்கலாமா, வேண்டாமா?’ என்று மட்டும் ஜனங்களைக் கேட்பார்கள். மாமியார் மெச்சிய மருமகள் மாதிரி, வேலையைப் பார்த்த பிறகு மார்க்!

மேற்கு வர்ஜீனியா அவ்வளவு தூரம் போகவில்லை. 2015-ல் சட்டம் செய்து, ஓட்டுச் சீட்டிலிருந்து கட்சிப் பெயரை மட்டும் எடுத்துவிட்டது. 2016-ல் பெஞ்சமின் மறுபடி நின்றார். தோற்றுப் போனார்.