ஆயாம்மாவின் கண்ணுக்குத் தெரியும் டெலிரியம்

யார் அதிகம் பார்க்கிறார்கள்?

ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் ஒரு முதிய நோயாளியின் அருகில் நிற்பது சில நிமிடங்கள்தான். பி.பி. பார்க்கவும் ஊசி போடவும் வரும் நர்ஸ் இன்னும் சற்று நேரம் இருப்பார். உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, பெட்பேன் வைத்து எடுத்து, புரட்டிப் படுக்க வைக்கிறவர் நர்சிங் உதவியாளர். நம் வார்டுகளில் அவரை ஆயாம்மா என்போம், அக்கா என்போம். நேற்று பேத்தி கல்யாணத்தைப் பற்றி ஓயாமல் பேசிய தாத்தா, இன்று காலை இட்லித் துண்டை வாயில் அடக்கியபடியே கண்ணயர்கிறார் என்றால் அது முதலில் படுவது இவர் கண்ணில்தான். அது அவசரமான அறிகுறி என்று இவருக்குச் சொல்லித் தருவதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

டெலிரியம் என்பது மூளையின் செயல்பாடு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தடுமாறிப்போகும் நிலை. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். இது திடீரென்று வரும், ஏறி இறங்கும். காலையில் தெளிவாகப் பேசியவர் பொழுது சாய்ந்ததும் “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். மறுநாள் டாக்டர் வரும்போது பழையபடி இருப்பார். ரவுண்ட்ஸில் இது பிடிபடாமல் நழுவுவதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பெரிய காரணம். மறதி நோய் உள்ளவர்களுக்கு டெலிரியம் இன்னும் எளிதில் வரும். அதனால் “அவருக்கு எப்பவுமே இப்படித்தான்” என்று சொல்லி விட்டுவிடுவது ஆபத்து.

சத்தம் போடாதவர்

கத்துகிறவரை, டியூபைப் பிடுங்குகிறவரை வார்டே திரும்பிப் பார்க்கும். சுருண்டு படுத்திருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. “பாட்டி பாவம், தொந்தரவே இல்லை” என்று பாராட்டுகூடக் கிடைக்கும். ஆனால் முதியவர்களிடம் அதிகம் காணப்படுவதும் அதிகம் தவறவிடப்படுவதும் இந்த அடங்கிப்போன வகை டெலிரியம்தான். கூப்பிட்டால் கண் திறப்பார், பாதிக் கேள்வியிலேயே மூடிக்கொள்வார். போர்வை நுனியை விரலால் நெருடிக்கொண்டே இருப்பார். இல்லாத நூலைக் காற்றில் பிடிப்பார். நேற்று தானே டம்ளரைப் பிடித்தவர், இன்று டம்ளரைக் கையில் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் பார்ப்பார். பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

என்ன சொல்லித் தருவது?

1990-இல் அமெரிக்க முதியோர் நல மருத்துவர் ஷாரன் இனோயே தம் குழுவினருடன் டெலிரியத்தைக் கண்டறிய ஒரு முறையை வகுத்தார். அது நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: திடீரென வந்து ஏறி இறங்கும் மாற்றம், கவனம் நிலைக்காமை, தொடர்பற்ற பேச்சு, விழிப்பு நிலையில் மாறுதல். முதல் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், அவற்றோடு மற்ற இரண்டில் ஒன்று இருந்தால் டெலிரியம் என்று கொள்வார்கள். நோயைத் தீர்மானிப்பது உதவியாளரின் வேலை இல்லை. ஆனால் இந்த நான்கையும் படுக்கையருகே அன்றாடம் காண்கிறவர் அவர்தான்.

கவனத்தைச் சோதிப்பது சுலபம். எடின்பரோவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் ‘4ஏடி’ என்ற சோதனையில் மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியிடம் கிழமைகளைக் கேட்கலாம்: சனி, வெள்ளி, வியாழன் என்று பின்னோக்கி. தலை துவட்டிக்கொண்டே கேட்டுவிடலாம். கூட இருக்கும் மகளிடம் ஒரு கேள்வி: “வீட்ல இருந்ததைவிட இப்ப குழப்பமா இருக்காங்களாம்மா?” எந்தப் பரிசோதனைத் தாளையும்விட அந்த மகளுக்கு அம்மாவைத் தெரியும்.

இதை ஏ.சி. அறையில் உட்கார வைத்து ஸ்லைடு போட்டுச் சொல்லித் தருவதைவிட, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு நர்ஸ் நோயாளியின் பக்கத்திலேயே நின்று காட்டுவது நன்றாக மனதில் நிற்கும்.

காரணம் பக்கத்திலேயே இருக்கும்

சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, சோடியமோ சர்க்கரையோ குறைவது, அடக்க முடியாத வலி, மலச்சிக்கல், சிறுநீர் தேங்குவது, தூக்க மாத்திரை, அரிப்புக்குத் தரும் சில பழைய மாத்திரைகள் என்று முதியவரின் மூளையைத் தடுமாற வைக்கும் காரணங்கள் பல. இவற்றில் எத்தனை உதவியாளரின் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, சிறுநீர்க் குழாய் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது, வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கிறது, மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்காகக் கழற்றி வைத்த கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கவனிப்புகளே டெலிரியத்தைக் குறைக்கும் என்பதை 1999-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்தது. நடக்க வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, கண்ணாடியும் காது மெஷினும் மாட்டி, நாளும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுத்து, இரவில் மாத்திரைக்குப் பதில் சூடாகக் குடிக்கக் கொடுத்து முதுகு தடவித் தூங்க வைத்த பிரிவில் அது 9.9 விழுக்காடு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் இந்த வேலைகளைச் செய்தார்கள்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. டியூபைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டினால் பதற்றம் கூடும், காயமும் ஆகும். வீட்டு ஆள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது எவ்வளவோ மேல்.

சொன்னால் கேட்க வேண்டும்

“பாட்டி ஒரு மாதிரியா இருக்காங்க சிஸ்டர்” என்றால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “நேத்து ராத்திரி நல்லா பேசினாங்க. காலையிலேர்ந்து கூப்பிட்டா கண்ணு திறந்து மூடிக்கிறாங்க. கஞ்சி முழுங்கலை, யூரின் கொஞ்சமாத்தான் வந்திருக்கு” என்று சொன்னால் நர்ஸ் உடனே போய் ஆக்சிஜனும் சர்க்கரையும் காய்ச்சலும் பார்ப்பார், டாக்டரை அழைப்பார். நேற்று எப்படி, இன்று எப்படி, எப்போதிலிருந்து என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பழக்க வேண்டும். விழுங்கத் தடுமாறுகிறவருக்கு டாக்டர் வந்து பார்க்கும்வரை வாயில் எதுவும் ஊட்டக்கூடாது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி வேண்டும். “நீ உன் வேலையைப் பாரு” என்ற பதிலை ஒருமுறை வாங்கியவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். ஷிப்ட் ஒப்படைக்கும் பதிவேட்டில் உதவியாளர் கண்டதை எழுத ஒரு கட்டம் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொள்ளட்டும். ஒப்பந்த முறையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் மருத்துவமனைகளில் வருடத்துக்கு ஒரு வகுப்பு எடுத்துப் பயனில்லை. புதிதாகச் சேர்கிறவருக்கு கை கழுவுவதும் குப்பை பிரிப்பதும் சொல்லித் தரும் அதே முதல் வாரத்தில் இதையும் சொல்லித் தர வேண்டும்.