சைரனை அணைத்த காவலர்

2018 ஏப்ரல் 23 அன்று டொராண்டோவின் யங் தெருவில் ஒருவன் வாடகை வேனை நடைபாதையில் ஏற்றிப் பதினொரு பேரைக் கொன்றான். வேனை நிறுத்தி இறங்கியதும், கையிலிருந்த ஏதோ ஒன்றைத் துப்பாக்கிபோல் நீட்டினான். எதிரே கான்ஸ்டபிள் கென் லாம் தனியாக நின்றிருந்தார். தன்னைச் சுடச் சொல்லி அவன் கத்தினான். பையில் துப்பாக்கி இருப்பதாகவும் சொன்னான்.

லாம் சுட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பும் காவலர் சுடுவதை கனடா குற்றவியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

அவர் செய்தது வேறு. துப்பாக்கியால் குறிவைத்தபடியே தன் காருக்குப் பின்வாங்கி, அலறிக்கொண்டிருந்த சைரனை அணைத்தார். வழிப்போக்கர் எடுத்த வீடியோவில் இது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இந்தச் சின்னக் காரியம்தான். பயம் முற்றினால் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், காது அடைத்துப்போகும். சைரன் நின்றால் சொல்வது எதிராளிக்குக் கேட்கும். காவலருக்கும் நிதானம் வரும். தூரம் கூடினால் அவன் கையில் இருப்பது என்னவென்று பார்க்க ஓரிரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். லாம் பார்த்தார். துப்பாக்கியை உறையில் செருகிவிட்டு, தடியோடு அவனை நெருங்கினார். அவன் தரையில் படுத்தான். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அவனிடம் துப்பாக்கியே இல்லை. போலீஸ் கையால் சாவதே தன் திட்டம் என்று பிறகு விசாரணையில் சொன்னான்.

இதே டொராண்டோவில் 2013 ஜூலையில் நடந்தது நேர்மாறு. பயணிகள் இறங்கி ஓடிய டிராமுக்குள் 18 வயது இளைஞன் ஒருவன் கத்தியோடு தனியாக நின்றான். வெளியே காவலர்கள் திரண்டிருந்தார்கள். உள்ளே குத்துப்பட வேறு யாரும் இல்லை. காத்திருக்க நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் வந்து ஒரு நிமிடம் ஆகுமுன்பே ஒரு காவலர் மூன்று முறை சுட்டார். அவன் விழுந்த பிறகு, சில நொடி விட்டு, இன்னும் ஆறு முறை சுட்டார். முதல் மூன்று குண்டுகளை ஜூரி குற்றமாகக் கருதவில்லை. பிந்தைய ஆறுக்காக, கொலை முயற்சிக் குற்றவாளி என்று 2016இல் தீர்ப்பளித்தது. இச்சம்பவத்துக்குப் பிறகு, மனநெருக்கடியில் இருப்பவர்களைப் போலீஸ் எப்படிக் கையாள வேண்டும் என்று ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஃபிராங்க் இயாகொபுச்சி 84 பரிந்துரைகள் தந்தார்.

எப்போதும் சுடாமலிருப்பதுதான் சரி என்றும் சொல்லிவிட முடியாது. வேன் ஆட்களை ஏற்றிக் கொன்றுகொண்டிருந்தபோது லாம் எதிர்ப்பட்டிருந்தால் கணக்கே வேறு. இந்த நொடியில் யார் உயிருக்கு ஆபத்து, தூரத்தைக் கூட்டிக் காத்திருக்க வழி உண்டா என்பதைத்தான் காவலர் பார்க்க வேண்டும். அவன் சற்று முன் செய்த கொடுமைக்குத் தண்டனை தருவது அவர் வேலை இல்லை.

அந்த வேலையை நீதிமன்றம் செய்தது. அவன் தேடிய புகழ் கிடைக்கக்கூடாது என்று நீதிபதி ஆன் மொலாய் தீர்ப்பில் அவன் பெயரையே சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. 2022 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 25 ஆண்டுகளுக்குப் பரோல் கேட்க முடியாது.