கேப்டன் பிரைஸும் விழுந்த ஐஃபில் டவரும்

மக்களே, முதல்லயே சொல்லிடுறேன். இந்தப் பதிவு முழுக்க கால் ஆஃப் டூட்டி கேம் கதைதான். இன்னும் ஆடி முடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. யார் யார் சாகுறாங்கன்னு வரிசையா உடைக்கப் போறேன் :)

"சுடுறதுக்கு ஒரு கேம், அதுல என்னய்யா கதை?"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். ஆனா 2003-ல ஆரம்பிச்சு, 2005-க்கு அப்புறம் வருஷம் தவறாம வந்துக்கிட்டிருக்குற தொடர் இது. இன்ஃபினிட்டி வார்ட், ட்ரெயார்க், ஸ்லெட்ஜ்ஹாமர்னு மூணு ஸ்டுடியோ மாத்தி மாத்தி எழுதுறாங்க. நம்ம ஊர் மெகா சீரியலுக்கே ஒரு கதாசிரியர் மாறினா மாமியார் குணம் மாறிடும். இங்க ஸ்டுடியோவே மாறுது. அப்புறம் கதையில ஓட்டை விழாம இருக்குமா? விழுந்த ஓட்டையை எப்படி ஒட்டுப் போடுறாங்கங்கிறதுதான் எனக்கு சுவாரஸ்யம்.

கேப்டன் பிரைஸை எடுத்துக்குவோம். 2003-ல வந்த முதல் கேம்லயே இருக்கார். இரண்டாம் உலகப்போர், பிரிட்டிஷ் படை, பெரிய மீசை. அந்தக் கேம்லயே ஒரு ஜெர்மன் போர்க்கப்பல்ல உயிரையும் விடுறார். 2005-ல வந்த இரண்டாம் பாகத்துல திரும்ப ஆஜர். அது அவர் சாகுறதுக்கு முந்தின சண்டைகள்னு வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா 2007-ல மாடர்ன் வார்ஃபேர் வந்தப்போ, இந்தக் காலத்து எஸ்.ஏ.எஸ். படையில அதே பேர், அதே மீசையோட இன்னொரு கேப்டன் பிரைஸ் நிக்கிறார்! இவர் அவரோட பேரனான்னு ரசிகர்கள் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. சுஜாதாவோட கணேஷ், வசந்துக்கு வயசே ஆகாதுல்ல, அந்த மாதிரின்னு நான் எடுத்துக்கிட்டேன்.

அடுத்தது யூரி. 2009-ல வந்த மாடர்ன் வார்ஃபேர் 2-ல ஒரு விமான நிலையக் காட்சி உண்டு. மகரோவ்ங்கிற வில்லன் கும்பல் அப்பாவி ஜனங்களைச் சுட்டுத் தள்ளும். நாம அந்தக் கும்பலுக்குள்ள வேவு பாக்கப் போன அமெரிக்க ஆளா கூடவே நடக்கணும். உலகம் பூரா கண்டனம் வாங்கின காட்சி. 2011-ல மூணாம் பாகத்துல யூரின்னு ஒரு புது ஆள் வர்றார். கதை பாதி தாண்டினதும் ஒரு ஃப்ளாஷ்பேக். 1996-ல பிரிப்யாத் நகரத்துல நடந்தப்போ அவரும் அங்க இருந்தாராம். அணுகுண்டு வெடிச்சப்போ மகரோவ் பக்கத்துல இருந்தாராம். அந்த விமான நிலையத்துலயும் குண்டடி பட்டு, ஊர்ந்து வந்து தடுக்கப் பாத்தாராம். நாம ஏற்கனவே ஆடி முடிச்ச காட்சிக்குள்ள புதுசா ஒரு ஆளைக் கொண்டுவந்து சொருகிட்டாங்க. 1986-ல வந்த விக்ரம் கதாபாத்திரத்தை 2022 படத்துக்குள்ள லோகேஷ் கொண்டுவந்தாரே, அந்த மாதிரி கிட்டத்தட்ட. விசிலடிக்கத்தான் தோணுச்சு.

ட்ரெயார்க் இதை இன்னும் அழகா பண்ணினாங்க. 2008-ல வந்த வேர்ல்ட் அட் வார்ல நாம பெட்ரெங்கோங்கிற சோவியத் சிப்பாய். நம்ம தலைவர் ரெஸ்னோவ். பெர்லின்ல செங்கொடி நட்டு ஜெயிச்சு, கேமை மூடி வச்சிட்டோம். 2010-ல பிளாக் ஆப்ஸ் வருது. அதே பெட்ரெங்கோவை சொந்த நாட்டுத் தளபதியே விஷவாயு சோதனையில கொல்றதைக் காட்டுறாங்க. முந்தின கேம்ல நாமளா இருந்தவன்! அது மட்டுமா? பாதிக் கதை முழுக்க கூடவே வர்ற ரெஸ்னோவ் எப்பவோ செத்துட்டார், கூட வந்தது கதாநாயகன் மேசனோட மூளைச்சலவை பண்ணின மண்டைக்குள்ள இருந்த உருவம்தான்னு கடைசியில தெரியும். தொடர்ச்சியையே திருப்பமாக்கிட்டாங்க.

2019-ல இன்ஃபினிட்டி வார்ட் ஒரே அடியா அடிச்சது. மாடர்ன் வார்ஃபேரை மொதல்லருந்து திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க. பிரைஸுக்குக் குரல் கொடுத்த பில்லி முர்ரேக்குப் பதில் பேரி ஸ்லோன். சன் டிவி பாத்து வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன? "இனி இவருக்குப் பதில் இவர்." அவ்ளோதான் :) பழைய கதையில 2011-லயே செத்த சோப் இதுல உயிரோட வந்தார். 2023-ல திரும்பவும் செத்தார். இந்த முறை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்குற கடலடிச் சுரங்கத்துல.

அந்தச் சுரங்கம் வழியா லண்டன் போற யூரோஸ்டார் கார் து நோர் ஸ்டேஷன்லருந்துதான் கிளம்புது. அங்கருந்து அஞ்சு பத்து நிமிஷம் நடந்தா லா ஷப்பல். ஃபோபூர் சாந்த் துனி தெரு, காய் தெருன்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் போர்டு, தோசை, நகைக்கடை, புடவைக்கடை. காய் தெருவுல நான் அரிசி வாங்குற கடை அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பையனும் இந்த கேம் பைத்தியம். ஒருநாள் பேச்சு 2011 கேம்ல வர்ற பாரிஸ் பக்கம் போச்சு. ரஷ்யப் படை ஐரோப்பாவுக்குள்ள வந்துடும். விஷவாயுத் தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்க டெல்டா படை பாரிஸ்ல இறங்கும். பிரெஞ்சுக்காரங்கன்னு நாம பாக்குறது பெரும்பாலும் துப்பாக்கி பிடிச்ச ஜி.ஐ.ஜி.என். வீரர்களை. பாதாளக் கல்லறைக்குள்ள சண்டை, கார்ல துரத்தல், கடைசியில விமானங்கள் குண்டு போட, ஐஃபில் டவர் நம்ம கண் முன்னாடி சரியும். ரொம்ப உற்சாகமா நான் சொல்லிக்கிட்டே போனேன்.

அண்ணன் பில் போட்டுக்கிட்டே கேட்டார்: "டவர் விழுந்த பிறகு ஊர்ச்சனம் எங்க போச்சுது எண்டும் காட்டுறானோ தம்பி?"

"இல்லண்ணா. அடுத்த மிஷன் ப்ராக்ல."

"அப்ப பாதிக் கதைதானே."

சும்மா சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் பழைய கேம் ஒவ்வொண்ணையும் அந்தக் கேள்வியோடதான் பாக்க முடியுது. யூரி 1996-ல எங்க நின்னார்னு இருபது கதை வருஷம் பின்னோக்கிப் போய் கணக்கு சரி பண்றாங்க. பிரைஸோட மீசை இரண்டாம் உலகப்போர்லருந்து தொடருது. பாரிஸுக்கு மட்டும் தொடர்ச்சி கிடையாது. டவர் விழுந்த ராத்திரி இந்த ஊர்க்காரங்க எந்த ரயில் ஏறினாங்க, எந்த ஊர் அவங்களைச் சேத்துக்கிச்சு, யாரும் எழுதல. பழைய கதை மகரோவ் செத்து, பிரைஸ் சுருட்டு பத்த வைக்கிறதோட முடிஞ்சிடும். 2019-ல மொத்தமும் அழிச்சுட்டு எழுதினப்போ அந்த மூணாம் உலகப்போரே நடக்கலன்னு ஆயிடுச்சு. செத்த சோப்புக்கு மறுபடி ஒரு சாவாவது கிடைச்சது. அந்த ஊர் ஜனத்துக்கு அதுவும் இல்ல.

இதைவிட மோசம் நிஜ உலகத்தோட தொடர்ச்சியை உடைக்கிறது. 2019 கேம்ல 'மரண நெடுஞ்சாலை'ன்னு ஒரு இடம் வரும். ஊரை விட்டு ஓடினவங்களை ரஷ்யர்கள் குண்டு போட்டுக் கொன்ன சாலைன்னு கதை சொல்லும். கேம்ல வர்ற நாடு கற்பனை. ஆனா அந்தப் பேர் கற்பனை இல்ல. 1991 பிப்ரவரியில குவைத்லருந்து பஸ்ரா போற சாலையில, பின்வாங்கின ஈராக்கியர்களோட வண்டி வரிசை மேல குண்டு போட்டது அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள். வந்தப்பவே பலர் இதைக் கண்டிச்சாங்க. யூரிக்காக அவ்வளவு மெனக்கெட்டு ஒட்டுப் போடத் தெரிஞ்சவங்க, நிஜத்துல நடந்ததை அலுங்காம வேற ஆள் தலையில கட்டிட்டாங்க.

லா ஷப்பலே அண்ணன் கேட்ட அந்த மீதிப் பாதிதான்னு இப்பல்லாம் தோணுது. 1983-க்கு அப்புறம் ஊரை விட்டு வந்தவங்க கட்டின தெரு இது. 1985-லயே பிள்ளையாருக்கு ஒரு கோயில் வந்துடுச்சு. மாடர்ன் வார்ஃபேர் 2 வந்த அதே 2009-ல, அதுக்கு ஆறு மாசம் முந்தி, மே மாசம் முள்ளிவாய்க்கால்ல போர் முடிஞ்சது. செய்திக்கு அதோட அடுத்த மிஷன். இந்தத் தெருவுல அது முடியல. கடைச் சுவர்ல மாட்டின போட்டோவுல இருக்கு, பேச்சு நடுவுல திடீர்னு வர்ற மௌனத்துல இருக்கு.

இதைப் படமாச் சொன்னவர் ஒருத்தர் உண்டு. ஜாக் ஓடியார் எடுத்த தீபன், 2015-ல கான் விழாவுல தங்கப் பனை வாங்குச்சு. எழுத்தாளர் ஷோபாசக்திதான் நாயகன். செத்துப்போன ஒருத்தனோட பாஸ்போர்ட்ல, அவன் பேர்ல, முன்னபின்ன தெரியாத ஒரு பெண்ணையும் சிறுமியையும் குடும்பம்னு சொல்லிக்கிட்டு பிரான்ஸ் வந்து சேர்ற முன்னாள் போராளி கதை. செத்தவன் பேர் இங்கயும் தொடருது. ஆனா மீசைக்காகவோ ரசிகர் விசிலுக்காகவோ இல்ல, உயிர் பிழைக்கிறதுக்காக. முடிவு பத்தி எனக்குச் சில குறை உண்டு, அது தனிப் பதிவு. ஆனா சண்டை முடிஞ்ச அப்புறம்தான் அந்தக் கதை ஆரம்பிக்குது பாருங்க, அதுக்காகவே பாக்கலாம்.

இதுக்காக கேம் ஆடுறதை விட்டுட்டேன்னு நெனக்காதீங்க. அடுத்த பாகம் வந்தா மொத ஆளா உக்காருவேன். ஆனா ஒரு ஆசை இருக்கு. பிரைஸ் ஊர் ஊரா பறக்கட்டும், சோப் மூணாவது தடவையும் சாகட்டும். ஒரே ஒரு மிஷன், துப்பாக்கியே இல்லாம, டவர் விழுந்த மறுநாள் காலையில பையை மாட்டிக்கிட்டு, புள்ளையைக் கையில புடிச்சுக்கிட்டு ஊரைத் தாண்டுற மாதிரி வைக்கட்டும். அண்ணன் கடைப் பையனோட சேந்து ஆடுறேன்.

டிஸ்கி: பிளாக் ஆப்ஸ் 2-ல மேசனைச் சுட்டது யார் தப்புன்னு சண்டை போட வர்றவங்களுக்கு: அது தனிக் கச்சேரி, அடுத்த பதிவுல வச்சுக்குவோம் :))