நின்றே சாகும் பாட்டரி!

ஓடாத வண்டி தேயாது என்பார்கள். ஆனால் ஸ்கூட்டர் பாட்டரி சும்மா நின்றாலே மின்சாரம் குறையும். வெயில் கூடினால் இன்னும் வேகமாகக் குறையும்.

ஏன் அப்படி?

பாட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. 1859-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே கண்டுபிடித்த முறை இது. மின்சாரம் குறைந்த நிலையில் பல வாரம் கிடந்தால், தகடுகள் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படியும். பிறகு சரியாக சார்ஜ் ஏறாது.

கடலோர ஊர்களில்...

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரம் உள்ள பெரிய முதலியார்சாவடி போன்ற ஊர்களில் உப்புக்காற்று வேறு! அது பாட்டரியின் முனைகளை அரிக்கும். முனைகளைத் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

என்ன செய்யவேண்டும்?

வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் உறுமவிட்டால் போதாது.

மாதக்கணக்கில் வெளியூர் போகிறீர்களா? பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வையுங்கள். கடிகாரம், அலாரம் போன்றவை மின்சாரத்தைக் குடிக்காது.

12 வோல்ட் பாட்டரி, மீட்டரில் 12.4-க்குக் கீழே காட்டினால் சார்ஜ் போடுங்கள். அப்போது எரியும் வாயு வெளிவரலாம். பக்கத்தில் பீடி, விளக்கு கூடாது!

நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல். வண்டியில் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர் இல்லை. பாட்டரியும் செத்துக் கிடந்தால்? இன்றே கவனியுங்கள்!